காட்டேரியை வேட்டையாடிய டாக்டர்!
திருவண்ணாமலைத் திண்ணையில் பன்னிரண்டு நாள் நடந்த வழக்கு

பேய்க் கதை பிடிக்காதவர் யார்? "எனக்குப் பிடிக்காது" என்று சொல்பவர்கூட, யாராவது சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போவதில்லை. தொங்கவிட்ட காலை மட்டும் மெல்ல மேலே தூக்கி வைத்துக் கொள்வார்!

அப்படிக் காலைத் தூக்கி வைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தைத் திருவண்ணாமலையில் பார்த்தேன்.

ஊரிலிருந்து செங்கம் சாலையில் போனால் சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம் வரும். அதை அடுத்து ரமணாசிரமம். அங்கே மாலையில் மயில்கள் அகவும். கிரிவலம் போகிறவர்கள் வெறுங்காலோடு நடந்து போவார்கள். ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நம் நாட்டவரும் வெளிநாட்டவரும் கலந்து வாழ்கிறார்கள். வெளிநாட்டவர் ஊர் திரும்பும்போது பாத்திரம், நாற்காலி, புத்தகம் முதலியவற்றை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்தப் புத்தகம். அட்டையில் ஓர் ஆசாமி. கறுப்பு அங்கி, சிவந்த கண், வாயின் இரு ஓரத்திலும் கோரைப் பல். பெயர் "டிராக்குலா". இங்கிலீஷ் நாவல்.

புத்தகம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கைக்கு வந்தது. அவர் வீட்டுக்கு நல்ல திண்ணை இருக்கிறது. தினம் மாலை ஏழு மணிக்குச் சில அத்தியாயங்கள் படிப்பார். படித்ததை உடனே தமிழில் சொல்வார். முதல் நாள் நான்கு பேர் இருந்தார்கள். மூன்றாம் நாள் திண்ணையில் இடம் இல்லை. பூக்காரம்மா கூடையோடு வந்தார். ஆட்டோக்காரர் சவாரியை விட்டுவிட்டு வந்தார். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், எண்பது வயதான ஓர் ஆயா, இப்படிப் பன்னிரண்டு பதின்மூன்று பேர்.

கதை முடிந்ததும் பெரிய சண்டை வந்தது! புத்தகம் நல்லதா கெட்டதா என்று ஒரு சண்டை. காட்டேரியை வேட்டையாட வந்த டாக்டர் நல்லவரா என்று இன்னொரு சண்டை. நான் கடைசி நான்கு நாள் அங்கே இருந்தேன். முதல் சண்டையைவிட இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

கதை இதுதான்

ஜானதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல் திரான்சில்வேனியா என்ற மலை நாட்டுக்குப் போகிறான். அங்கே டிராக்குலா பிரபு கோட்டையில் தனியாக வாழ்கிறார். லண்டனில் வீடு வாங்க அவருக்கு ஆசை. பிரபுவின் உருவம் கண்ணாடியில் தெரிவதில்லை. இரவில் கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லியைப் போல் இறங்குகிறார். அவர் செத்தும் சாகாத ஆசாமி. மனித இரத்தம்தான் அவருக்கு உணவு.

பிரபு கப்பலேறி இங்கிலாந்து வருகிறார். அங்கே லூசி என்ற அழகிய பெண். அவள் கழுத்தில் ஊசி குத்தியதுபோல் இரண்டு துளைகள். நாளுக்கு நாள் வெளுத்துப் போகிறாள். அவளைப் பார்க்கும் இளம் டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள தன் குருவுக்கு எழுதுகிறார். அவர்தான் வான் ஹெல்சிங். கதையின் வேட்டைக்காரர். வயதானவர். மருத்துவமும் படித்தவர், சட்டமும் படித்தவர்.

வான் ஹெல்சிங் லூசிக்கு இரத்தம் ஏற்றுகிறார். ஒருவர் பின் ஒருவராக நான்கு ஆண்கள் இரத்தம் கொடுக்கிறார்கள். இடையில் பூண்டுப் பூக்களை வரவழைக்கிறார். மாலையாகக் கட்டி அவள் கழுத்தில் போடுகிறார். ஜன்னல், கதவு எல்லாவற்றிலும் தேய்க்கிறார். காரணம் மட்டும் யாருக்கும் சொல்வதில்லை!

இரவு லூசியின் தாய் வருகிறாள். "இதென்ன, மூச்சு முட்டுகிற வாடை! குழந்தை எப்படித் தூங்குவாள்?" என்று பூவையெல்லாம் எடுத்து விடுகிறாள். காற்று வரட்டும் என்று ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைக்கிறாள். மறுநாள் காலை டாக்டரிடம் அதைப் பெருமையாகச் சொல்கிறாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

லூசி பிழைக்கவில்லை. இறந்த பிறகு அவளும் எழுந்து குழந்தைகளைத் தேடிப் போகிறாள். அவளை மணக்க இருந்தவனே அவள் நெஞ்சில் மர முளை அடித்து அவளை அடக்குகிறான்.

பிறகு வேட்டை தொடங்குகிறது. ஜானதனின் மனைவி மீனாவையும் பிரபு தீண்டி விடுகிறார். அவளைக் காப்பாற்ற எல்லோரும் அவரைத் துரத்திக்கொண்டு திரான்சில்வேனியாவுக்கே போகிறார்கள். சூரியன் மறையும் நேரத்தில் பிரபுவை முடிக்கிறார்கள்.

எதனால் தெரியுமா? மர முளையால் அல்ல. ஒருவன் கையில் அமெரிக்கக் கத்தி. ஜானதன் கையில் கூர்க்காக்களின் குக்ரி! நம் பக்கத்து மலைநாட்டுக் கத்தி அவ்வளவு தூரம் போயிருக்கிறது. ஆட்டோக்காரர் இந்த இடத்தில் கை தட்டினார்.

பூக்காரம்மாவின் கேள்வி

முதல் குரல் பூக்காரம்மாவுடையது. அவருக்குச் சிறு வயதில் பள்ளிக்கூடம் கிடையாது. அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில், இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர். பஸ் போர்டில் ஊர்ப் பெயரைத் தானாகப் படித்து ஏறிய முதல் நாளை இன்றும் சொல்வார்.

"பூண்டில்கூடப் பூ வருமா சார்?" என்றுதான் முதலில் கேட்டார். வரும் என்று ஆசிரியர் சொன்னார். அதன் பிறகு அவர் கேட்டதுதான் வழக்கின் ஆரம்பம்.

"அந்தப் பூவை எடுத்தது அந்த அம்மா குற்றமா, டாக்டர் குற்றமா? நான் ஒரு வீட்டில் மாலை கொடுத்தால், இது சாமிக்கு, இது தலைக்கு என்று சொல்லித்தானே கொடுக்கிறேன்? இது எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெற்றவள் தொடுவாளா?"

ஆசிரியர் டாக்டருக்காக வாதாடினார். "அந்தத் தாய்க்கு இருதய நோய் அம்மா. அதிர்ச்சியான சேதி சொன்னால் உயிர் போய்விடும். அதனால்தான் சொல்லவில்லை. கதையிலேயே அப்படித்தான் இருக்கிறது."

"சரி சார். அந்தச் சின்ன டாக்டருக்கு என்ன நோய்? அவருக்கும் சொல்லவில்லையே!"

உண்மைதான். கூடவே இருந்த சீடருக்குக்கூட, லூசியைப் புதைத்த பிறகுதான் வான் ஹெல்சிங் வாய் திறக்கிறார். ஆசிரியர் பதில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டார்.

மாணவியின் கட்சி

பத்தாம் வகுப்பு மாணவி பூக்காரம்மா கட்சி. ஆனால் அவளுக்குக் கதை மிகவும் பிடித்துவிட்டது. காரணம் மீனா.

இந்த நாவல் முழுவதும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு என்றே போகிறது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. மீனா தட்டச்சு கற்றவள். எல்லாருடைய குறிப்புகளையும் வாங்கித் தேதி வாரியாக அடுக்கித் தட்டச்சு செய்கிறாள். அதை எல்லோரும் படித்த பிறகுதான், எதிரி யார், எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்பது விளங்குகிறது. பிரபு ஒருநாள் அந்தக் காகிதங்களை நெருப்பில் போட்டுவிடுகிறார். நல்ல வேளை, பெட்டிக்குள் இன்னொரு நகல் இருக்கிறது!

"அதற்குப் பிறகு இந்த ஆண்கள் என்ன செய்தார்கள் பார்த்தீர்களா தாத்தா?" என்று மாணவி ஆசிரியரைக் கேட்டாள். "நீ பெண், உனக்கு இது வேண்டாம், நீ போய்த் தூங்கு என்று மீனாவை ஒதுக்கிவிட்டார்கள். இவர்கள் வெளியே வேட்டையாடப் போனார்கள். அவன் உள்ளே வந்து அவளைக் கடித்துவிட்டான். அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தால், தன் உடம்பு ஏன் சோர்கிறது என்று அவளே கண்டுபிடித்திருப்பாளே!"

நான் இந்த நாவலைப் பல வருஷங்களுக்கு முன் படித்தவன். இந்தக் கோணம் எனக்குத் தோன்றியதே இல்லை. லூசி விஷயத்திலும் மறைத்தார்கள், மீனா விஷயத்திலும் மறைத்தார்கள். இரண்டு தடவையும் காட்டேரிதான் ஜெயித்தது. பிறகு மீனாவை மீண்டும் கூட்டத்தில் சேர்த்துக் கொள்கிறார்கள். பிரபு எந்த வழியாகத் தப்பி ஓடுவான் என்று காகிதங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்பவள் அவள்தான்!

லண்டனிலும் இதே சண்டை

திண்ணையில் நடந்த சண்டை புதிதல்ல. இந்தப் புத்தகம் 1897 மே 26 அன்று லண்டனில் வெளியானது. மஞ்சள் அட்டை, விலை ஆறு ஷில்லிங். எழுதியவர் பிராம் ஸ்டோக்கர். அயர்லாந்துக்காரர். லண்டனில் ஹென்றி இர்விங் என்ற புகழ்பெற்ற நடிகரின் நாடகக் கொட்டகையில் மானேஜர். திரான்சில்வேனியாவை அவர் கண்ணால் கண்டதில்லை! 1890ல் விட்பி என்ற கடற்கரை ஊருக்கு ஓய்வுக்குப் போனபோது, அங்கிருந்த நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் டிராக்குலா என்ற பெயரைக் கண்டெடுத்தார். அதிலிருந்து ஏழு வருஷம் உழைத்து எழுதினார்.

புத்தகம் வந்ததும் பத்திரிகைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. "டெய்லி மெயில்" பிரமாதம் என்றது. "அத்தீனியம்" என்ற இலக்கியப் பத்திரிகையோ, நம்ப முடியாத விபரீதங்களை அடுக்கியிருக்கிறார், கலை நயம் போதாது என்றது. "மான்செஸ்டர் கார்டியன்" ஒரு புத்தகம் முழுவதையும் பயங்கரத்தால் நிரப்பியது தவறு என்று கருதியது. இன்னொரு பத்திரிகை, பயந்த சுபாவமுள்ள குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது.

வேடிக்கை என்னவென்றால், "ஸ்பெக்டேட்டர்" பத்திரிகைக்குப் பிடிக்காமல் போனது தட்டச்சும் பேசும் கருவியும்தான்! பழங்காலத்துக் காட்டேரி கதையில் இந்தப் புதுமைகள் எதற்கு, கதை பழைய காலத்தில் நடந்திருந்தால் பொருத்தமாக இருக்குமே என்று எழுதியது. அந்த விமர்சகருக்குப் பிடிக்காததுதான் நம் மாணவிக்கு மிகவும் பிடித்தது.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் அந்த ஆகஸ்டு மாதமே ஸ்டோக்கருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். கிழட்டுப் பேராசிரியர் பாத்திரம் அருமை, இரண்டு பெண்களும் அருமை என்று அதில் சொன்னார். ஸ்டோக்கரின் தாயாரும் மகனைப் புகழ்ந்து எழுதினார். அவர் சிறுமியாக இருந்தபோது 1832ல் தம் ஊரில் காலரா ஊரையே வாரிக்கொண்டு போனதைக் கண்டவர். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் ஸ்டோக்கர்.

இதே ஸ்டோக்கர் 1908ல் ஒரு கட்டுரை எழுதினார். நாவல்களுக்குத் தணிக்கை வேண்டும் என்று வாதாடும் கட்டுரை! டிராக்குலாவை எழுதியவரே இப்படிச் சொன்னால் நாம் என்ன சொல்வது?

புத்தகம் அவரைப் பணக்காரர் ஆக்கவில்லை. 1912 ஏப்ரலில் காலமானார். 1922ல் ஜெர்மனியில் அனுமதி இல்லாமல் இந்தக் கதையைப் படம் எடுத்தார்கள். அவர் மனைவி வழக்குப் போட்டு வென்றார். படத்தின் பிரதிகளை அழிக்க உத்தரவானது. ஆனாலும் சில பிரதிகள் பிழைத்துக்கொண்டன. செத்தும் சாகாத ஆசாமியின் படம் அல்லவா!

"காட்டேரி எங்கள் சாமி!"

நான்காம் நாளிலேயே ஆயா ஒரு ஆட்சேபம் கிளப்பியிருந்தார். ஆசிரியர் பிரபுவை "இரத்தக் காட்டேரி" என்று தமிழில் சொல்லியிருக்கிறார். ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"காட்டேரி எங்க குலசாமி. வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறோம், கோழி அறுக்கிறோம். அவளை எப்படி இந்தப் பல்லுக்காரனோடு சேர்ப்பே?"

ஆயா சொன்னது தவறல்ல. தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் காட்டேரி அம்மனை வணங்குகின்றன. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள் அந்தத் தெய்வத்தைக் கயானா, டிரினிடாட் வரை கொண்டு போனார்கள். இன்றும் அங்கே காட்டேரி வழிபாடு உண்டு. ஒரு வீட்டில் பேய், இன்னொரு வீட்டில் தாய்! அன்று முதல் ஆசிரியர் "காட்டேரி" என்ற சொல்லை விட்டுவிட்டுப் "பிரபு" என்றே சொன்னாராம். நான் இந்தக் கட்டுரைத் தலைப்பில் போட்டதற்கு ஆயா மன்னிக்க வேண்டும். வேறு சொல் அகப்படவில்லை.

நம் பேய்களே வேறு ரகம். பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனால் கொல்லப்பட்டவள் அவள். மறுபிறவியில் வணிகனாக வந்த அவனைத் தேடி, கள்ளிக் கொம்பைக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். "இவர் என் புருஷன்" என்று பஞ்சாயத்தில் அழுகிறாள். "உனக்கு ஒன்றும் ஆகாது, நாங்கள் பொறுப்பு" என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். அவன் செத்துப் போகிறான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. டிராக்குலா பிரபுவுக்குப் பசி மட்டுமே இருக்கிறது.

வேதாளமோ இன்னும் வேறு. அது விக்கிரமாதித்தன் தோளில் உட்கார்ந்து கதை சொல்லும், கேள்வி கேட்கும், பதில் வந்தால் முருங்கை மரம் ஏறும். "அம்புலிமாமா"வில் அந்தப் படத்தைப் பார்க்காத தமிழ்க் குழந்தை அந்தக் காலத்தில் உண்டா? தோளில் பிணம், கையில் வாள், பின்னால் சுடுகாடு! வரைந்தவர் "சங்கர்" என்ற கே. சி. சிவசங்கரன். 2020ல் காலமானார். அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் அடுத்த மாத இதழையும் வாங்கினார்கள்.

இன்னொரு செய்தி. அந்த வேதாளக் கதைகளை 1870ல் இங்கிலீஷில் எழுதி வெளியிட்டவர் ரிச்சர்டு பர்ட்டன் என்ற பெரும் பயணி. 1878ல் அவரை ஸ்டோக்கர் சந்தித்தார். பிற்பாடு எழுதிய நினைவுகளில், பர்ட்டன் பேசும்போது உதடு மேலே போய்க் கோரைப் பல் பளிச்சிடும் என்று குறித்து வைத்திருக்கிறார்! நம் வேதாளம்தான் டிராக்குலாவின் தாத்தா என்று ஆட்டோக்காரர் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன்.

சுகாதார ஊழியர் பேசினார்

கடைசி நாள்வரை பேசாதவர் அந்த ஓய்வு பெற்ற சுகாதார ஊழியர். அவர் பேசிய பிறகு திண்ணை கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது.

"எனக்கு இந்த வான் ஹெல்சிங்கைப் பிடிக்கவில்லை" என்றார். "முதலில் டாக்டராக வருகிறார். ஊசி போடுகிறார், இரத்தம் ஏற்றுகிறார். பாதியில் பூசாரியாக மாறிவிடுகிறார். கதையில் அவர் சொல்வது நிஜமாகிவிடுகிறது. வாழ்க்கையில் அப்படி இல்லையே!"

நான்கு பேர் இரத்தத்தை ஒருத்திக்கு ஏற்றியதை அவர் முதலில் பிடித்துக்கொண்டார். அந்த நாளில் இரத்த வகை என்ற ஒன்றே தெரியாது. லான்ட்ஸ்டெய்னர் என்ற விஞ்ஞானி 1901ல்தான் அதை வெளியிட்டார். அதற்காக 1930ல் நோபல் பரிசு பெற்றார். "சேராத இரத்தத்தை ஏற்றினால் ஆளே போய்விடுவார். லூசியைக் கொன்றது பிரபுவா, டாக்டரா என்று எனக்குச் சந்தேகம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னார். ரோட் தீவு மாநிலத்தில் எக்ஸிட்டர் என்ற ஊர். பிரவுன் குடும்பத்தில் தாய் 1883ல் இறந்தாள். பிறகு மூத்த மகள். 1892 ஜனவரியில் மெர்சி என்ற 19 வயதுப் பெண். அவள் அண்ணன் எட்வினும் படுத்துவிட்டான். எல்லோருக்கும் காச நோய். ஊரார் என்ன நினைத்தார்கள்? செத்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து, இருப்பவர்களை உறிஞ்சுகிறார் என்று நினைத்தார்கள்.

மார்ச் மாதம் சடலங்களைத் தோண்டி எடுத்தார்கள். மெர்சி கெடாமல் இருந்தாள். குளிர்காலம், இறந்து இரண்டே மாதம். இதில் அதிசயம் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஊரார் கேட்கவில்லை. அவள் இதயத்தை எரித்துச் சாம்பலை எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மே மாதம் அவனும் இறந்தான். காச நோய்க் கிருமியைக் கோக் என்ற ஜெர்மன் மேதை கண்டுபிடித்து அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது! அந்தப் பகுதியில் இப்படி நடந்தவற்றைப் பற்றி 1896ல் வந்த பத்திரிகைத் துணுக்கு ஒன்று ஸ்டோக்கரின் குறிப்புகளுக்கு நடுவில் இருந்தது. லூசி வெளுத்து, மூச்சு வாங்கி, மெலிந்து போகும் பக்கங்களைப் படித்தால், காச நோயாளியைப் பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியும்.

"அது அமெரிக்கா. இங்கே?" என்று அவரே தொடர்ந்தார். "என் அக்காவுக்கு வலிப்பு. எங்கள் வீட்டில் பேய் என்றார்கள். மூன்று வருஷம் வேப்பிலையால் அடித்தார்கள். மாத்திரை கொடுத்தால் நிற்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் ஊரில் இருந்தார்கள். நாங்கள் வெளியே சொல்லவில்லை. அவமானம் என்று கதவைச் சாத்திக்கொண்டோம். அதனால்தான் நான் இந்த வேலைக்கே போனேன்."

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மனநோயாளிகளை வைத்திருந்த ஓர் இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பேய் என்றும் பில்லி என்றும் சொல்லிக் குடும்பத்தாரே கொண்டுவந்து விட்டவர்கள் அங்கே பலர். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. பிற்காலத்தில் அதே ஊர்த் தர்காவில் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க ஏற்பாடு ஆனது.

"அப்படியானால் இந்தப் புத்தகத்தைப் படிக்கக் கூடாதா அண்ணா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"படிக்கலாம் தம்பி. படித்துவிட்டு இப்படிப் பேச வேண்டும்."

பதினாறு வயதுப் பையனின் பயம்

ஆசிரியருக்கு வேறொரு எண்ணம். வெளியே கை காட்டினார். இருட்டில் மலை நின்றது.

பேய்க்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். அருணாசலேசுவரர் கோயிலின் மேற்குக் கோபுரத்துக்குப் பேய்க் கோபுரம் என்றே பெயர். மேற்குக் கோபுரம் என்பதுதான் பேச்சு வழக்கில் மருவிப் பேய்க் கோபுரம் ஆனது என்பார்கள். ஆசிரியர் சொல்ல வந்தது அது அல்ல.

1896 ஜூலையில் மதுரையில் வெங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனுக்குத் திடீரென்று சாவுப் பயம் வந்தது. நோய் ஒன்றும் இல்லை. யாரையும் கூப்பிடவில்லை. படுத்துக்கொண்டான். கை காலை விறைத்தான். மூச்சை அடக்கினான். சரி, உடம்பு செத்துவிட்டது, நானும் செத்தேனா, நான் என்பது எது என்று தனக்குள் பார்த்தான். பயம் அத்தோடு போனது. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தான். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை இந்த ஊரைவிட்டு அவர் போகவில்லை. அவர்தான் ரமண மகரிஷி. லண்டனில் டிராக்குலா வெளியான 1897 மே மாதத்தில், இங்கே கீழ்நாத்தூர் குருமூர்த்தத்தில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே சமயத்தில் இரண்டு பேர் சாவுப் பயத்தைக் கையில் எடுத்தார்கள்" என்றார் ஆசிரியர். "ஸ்டோக்கர் அதற்குப் பல் வைத்தார், அங்கி போட்டார், துரத்த ஆள் வைத்தார். இவர் அதன் முகத்தை நேராகப் பார்த்தார். எனக்கு இரண்டும் வேண்டும். எல்லோரும் மகரிஷி ஆக முடியுமா? நமக்கு ஒரு கதையாவது வேண்டாமா?"

சுகாதார ஊழியர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மகரிஷியின் பெயரை இந்தக் கதையோடு சேர்த்துப் பேசுவதே சரியில்லை என்று ஆயாவும் சொன்னார். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் அந்த மலையின் அடியில் உட்கார்ந்து கேட்டபோது, ஆசிரியர் சொன்னதை அடியோடு தள்ள முடியவில்லை.

தூங்காத சிறுவன்

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாணவியின் தம்பிக்கு எட்டு வயது. "சின்னப் பையன், நீ வராதே" என்று முதல் நாளே அவனைத் துரத்திவிட்டார்கள். அவன் பக்கத்து வீட்டு மதில் அருகே நின்று ஒட்டுக் கேட்டிருக்கிறான். பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. விழாத பாதியை அவனே கற்பனை செய்துகொண்டான்! இரண்டு இரவு தூக்கத்தில் கத்தினான். ஜன்னலைத் திறக்க விடவில்லை.

அவன் தாய் ஆசிரியரிடம் சண்டைக்கு வந்துவிட்டார். "இந்தக் கண்றாவிப் புத்தகத்தை நிறுத்துங்கள் சார். அந்த அட்டையைப் பார்த்தாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பிள்ளைகள் இருக்கிற தெரு இது." அவர் கேட்டதில் தவறு உண்டா? ஒரு பத்திரிகை 1897ல் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

ஆசிரியர் இரண்டு காரியம் செய்தார். பழைய காலண்டர் தாளை எடுத்துப் புத்தகத்துக்கு அட்டை போட்டார். இப்போது பல்லுக்குப் பதில் அண்ணாமலையார் படம். பிறகு சிறுவனைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, கதையின் முடிவை முதலில் சொன்னார். குக்ரிக் கத்தியையும், பிரபு தூளாகிக் காற்றில் போனதையும் சொன்னார். கப்பல் எது, கோட்டை எது, வௌவால் எது என்று அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இரத்தம் குடிக்கும் வௌவால் மூன்றே ஜாதி, அவை அமெரிக்கக் கண்டத்தில் மட்டும்தான், நம் ஊர் ஆலமரத்தில் தொங்குவது பழம் தின்பது என்றும் சொன்னார். அன்று இரவு பையன் தூங்கினான். மறுநாள் முதல் திண்ணையில் அவனுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

கடைசி நாள் ஆட்டோக்காரர் கை தூக்கச் சொன்னார். வேட்டைக்காரர் நல்லவர் என்று ஏழு பேர். இல்லை என்று நான்கு பேர். "நல்லவர்தான், ஆனால் வாய் திறக்கத் தெரியாதவர்" என்று சொல்லிப் பூக்காரம்மா கையைப் பாதி மட்டும் தூக்கினார். ஆயா கை தூக்கவே இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

சண்டைக்கு வந்த தாய் கடைசியாக எழுந்தார். புத்தகத்தைக் கேட்டார். "இங்கிலீஷ்தானே, உங்களுக்குப் படிக்க வருமா?" என்று ஆசிரியர் தயங்கினார்.

"எனக்கு வராது சார். மகள் படித்துச் சொல்வாள். முதல் நான்கு நாள் கதையை நான் கேட்கவில்லையே. அந்தப் பூவை எடுத்த இடத்தை எனக்குத் திரும்பவும் கேட்க வேண்டும்."

அவர் புத்தகத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஆசிரியர் விளக்கை அணைக்கப் போனார். "இரு" என்றார் ஆயா. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "வெள்ளைக்காரன் கதையைப் பன்னிரண்டு நாள் கேட்டீங்க. எங்க காட்டேரி எப்படி எங்க வீட்டுக்கு வந்தாள்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். எழுந்தவர்கள் எல்லோரும் மறுபடியும் உட்கார்ந்தார்கள். சிறுவன் காலைத் திண்ணை மேல் தூக்கி வைத்துக்கொண்டான்.